தீர்த்தம் பட்ட கேப்பு

இத்தாலியின் பலெர்மோவில், சீசாப் பகுதிக் கோயிலின் பாவசங்கீர்த்தனக் கூண்டில் மொனிகா முழந்தாளிட்டாள்.

“பாதர், நான் வேலை செய்யிற வீட்டு முதலாளி சிஞ்ஞோர், மருந்தை வாயாலை இடிச்சு நிரப்புற இடியன் துவக்காலைதான் பன்றி வேட்டைக்குப் போவார். மூண்டு கிழமையா அது வெடிக்கேல்லை.”

“அதுக்கு நீர் என்ன செய்வீர்?”

“வெடிமருந்தைப் பத்தவைக்கிற கேப்பு டப்பாவுக்கு நான்தான் தீர்த்தம் தெளிச்சனான். புதுச்சாமான் எது வந்தாலும் தெளிக்கிற பழக்கம். ஈரம் பட்டா அது பத்தாதெண்டு எனக்குத் தெரியாது.”

பாதர் சிரிப்பை அடக்கினார். “தெரியாமல் செய்தது பாவமில்லை, பிள்ளை.”

“அவர் ஈரக் கேப்பு தந்ததெண்டு கடைக்காரனை ஏசிப்போட்டு, திறமான கேப்பெண்டு தேடி வாங்கினார். அதுவும் பத்தேல்லை. தனக்கு வயது போட்டுது, துவக்கு நிரப்பவும் ஏலாதெண்டு போன கிழமை அழுதார், பாதர்.”

“அந்தக் கேப்புக்கும் தெளிச்சனீரோ?”

“அதுக்கும், அடுத்த டப்பாவுக்கும். தெரிஞ்சுதான்.”

“ஏன் பிள்ளை?”

மொனிகா தலைகுனிந்தாள்.

“சனிக்கிழமை பன்றி விழுந்தா, ஞாயிறு முழுக்க அதை உரிச்சு வெட்டுறது நான்தான். ஞாயிறு பூசைக்கு வராட்டிப் பெரிய பாவமெண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்.”