கேமராவுக்கு முன்னால்

உச்சி வெயில் இலைகளுக்கு நடுவே பொட்டுப்பொட்டாக இறங்குகிறது. விலங்குகளைப் படம் பிடிக்கக் காட்டில் கேமரா கட்டுகிறவன், பாறையில் சறுக்கி முறிந்த காலை இழுத்துக்கொண்டு நேற்றிலிருந்து தவழ்கிறான். குச்சியை அணையாக வைத்துச் சட்டையால் இறுக்கிய கட்டின் மேல் ஈ மொய்க்கிறது. போனில் சிக்னல் இல்லை. எதிர் மரத்தில் போன வாரம் அவனே கட்டிய கேமரா, ஆள் அசைவதைக் கண்டு ‘க்ளிக்’ என்கிறது. துணைக்கு ஒரு ஆள் கேட்டபோது, “கேமரா கட்ட ஊர்வலமாவா போவாங்க?” என்று சிரித்த அதிகாரியின் முகம் கண்முன் வந்து நிற்கிறது. இன்னும் ஒரு முழம் தவழ்கிறான். மறுபடியும் க்ளிக். இந்தப் படமெல்லாம் எங்கேயும் போய்ச் சேராது. மாதம் ஒருமுறை ஆள் வந்து மெமரி கார்டைக் கழற்றும்வரை கேமராப் பெட்டிக்குள்ளேயேதான் கிடக்கும். அந்த ஆளும் அவன்தான். பல்லைக் கடித்துக்கொண்டு மரத்தைப் பிடித்து எழுகிறான். பெட்டியைத் திறந்து கார்டைப் பிடுங்கி, ரத்தம் காய்ந்த கட்டுக்குள் செருகுகிறான். வியர்வை கண்ணில் எரிகிறது. ஜீப் பாதைக்கு இன்னும் இரண்டு மைல். லென்ஸுக்கு நேராக முகத்தை நீட்டுகிறான். “இருங்க சார், வரேன். உங்க மேசையில நானே கொண்டாந்து போடுறேன்.”