கடைசி ஆளுக்குப் பின்னால்

மணிக்கூண்டு ஐந்தடிக்கத் தொடங்கியதும் கிரெட்டா சின்னச் சிவப்புக் கொடியை எடுத்துக்கொண்டு, வரிசையின் கடைசி ஆளுக்குப் பின்னால் போய் நின்றாள்.

தேர்தல் அலுவலராக அவளுடைய வேலை அதுதான். ஐந்தடிக்கும்போது வரிசையில் நிற்பவர்கள் எவ்வளவு நேரமானாலும் ஓட்டுப் போடலாம். கொடிக்குப் பின்னால் வருகிறவர்களுக்கு ஓட்டு கிடையாது.

நகரத்தின் பெயர் வில்லோ. அமெரிக்காவில், மினசோட்டா மாநிலத்தில் ஒரு கல்லூரி விடுதியின் மூன்றாவது மாடிதான் அந்த நகரம். ஜூன் மாதத்தில் மாணவிகள் முகாம் நடக்கும் ஒரே ஒரு வாரம் உயிரோடு இருக்கும். மாநிலமெங்குமிருந்து வந்த பதினேழு வயதுப் பெண்கள்தான் குடிமக்கள். மேயர், கவுன்சில், போலீஸ் எல்லாமே அவர்கள்தான். நகரத்தை எப்படி ஆள்வது என்று ஆட்சி செய்து பார்த்தே பழகிக்கொள்ள வேண்டும்.

கீழ்த்தளத்துத் துணி துவைக்கும் அறை இன்று வாக்குச்சாவடி. குளியலறைத் திரையை மறைப்பாகக் கட்டியிருந்தார்கள். மூடியில் கீறல் போட்ட ஐஸ்கிரீம் வாளிதான் ஓட்டுப்பெட்டி.

யாரோ போட்டுவிட்டுப் போன துணிகள் உலர்த்தும் இயந்திரத்துக்குள் மெல்ல உருண்டுகொண்டிருந்தன. சோப்பு வாசனை. வெதுவெதுப்பு. வரிசையில் நின்றபடியே பெண்களுக்குக் கண் சொருகியது. கிரெட்டாவுக்கு எல்லாம் தண்ணீருக்கடியில் நடப்பது போல இருந்தது.

கடைசி ஆள், காலில் சுளுக்குக் கட்டுப் போட்ட ஒரு பெண். அவளைத் தோளில் தாங்கி மூன்று மாடி இறக்கிக் கொண்டுவந்து வரிசையில் நிறுத்தியது டெலனி. அடையாள அட்டையை அந்தப் பெண் அறையிலேயே விட்டுவிட்டு வந்திருந்தாள். அது இல்லாமல் ஓட்டு இல்லை. எடுத்துவரத் திரும்ப மேலே ஓடியதும் டெலனிதான்.

டெலனி மேயர் வேட்பாளர். கிரெட்டாவின் அறைத்தோழி. பள்ளியில் நின்ற தேர்தலில் எல்லாம் தோற்றவள்.

"ஒரே ஒரு தடவை ஜெயிச்சுப் பாக்கணும்டீ. பொய் ஊரா இருந்தாலும் பரவால்ல" என்று வந்த அன்றே சொன்னாள். சொன்னவள் சும்மா இருக்கவில்லை. மாடி முழுவதையும் பெயர் சொல்லிக் கூப்பிடக் கற்றுக்கொண்டாள். அழுத பெண்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

இந்த முறை ஜெயித்துவிடுவாள் என்றுதான் ஊரே பேசியது. எதிர்த்து நின்ற மெரிட், பேச மேடையேறி, ஒரு வார்த்தை வராமல், காது இரண்டும் சிவக்க நின்றுவிட்டு இறங்கிப் போனவள். "அவ ஓட்டயே அவ போட்டுக்க மாட்டா" என்று சாப்பாட்டு அறையில் ஒரே கேலி.

ஐந்தாவது மணியின் ரீங்காரம் அடங்கிவிட்டது. மேல்மூச்சு வாங்க டெலனி படியிறங்கி வந்தாள். சுளுக்குக் கால் பெண்ணின் கழுத்தில் அட்டையை மாட்டிவிட்டாள். பிறகு சிரித்துக்கொண்டே கிரெட்டாவின் தோளைத் தட்டினாள்.

"கொஞ்சம் நகருடீ. ஊரையெல்லாம் இழுத்துட்டு வந்ததுல நான் போட மறந்துட்டேன்."

கிரெட்டா நகரவில்லை. நகர்ந்தால் என்ன என்று மனம் கெஞ்சியது. ஒரு அடிதானே, யார் பார்க்கப் போகிறார்கள்?

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"மணி அடிச்சிருச்சு டெலனி."

"ஏய், நான் வேட்பாளர்டீ!"

"தெரியும்."

டெலனியின் சிரிப்பு மெதுவாகத்தான் போனது. கொடியைப் பார்த்தாள். அப்படியே சுவரோரம் போய் நின்றுகொண்டாள். கிரெட்டா கொடியை இறக்கவில்லை. ஒரு ஓட்டில் என்ன வந்துவிடப் போகிறது, எப்படியும் இவள்தானே ஜெயிக்கப் போகிறாள் என்று தன்னைத் தேற்றிக்கொண்டாள்.

துணி மடிக்கும் மேசையில் வாளியைக் கவிழ்த்து, எல்லோரும் பார்க்க எண்ணினார்கள்.

மெரிட் ஜெயித்திருந்தாள். ஒரே ஒரு ஓட்டில்.

யாரும் கைதட்டவில்லை. உலர்த்தும் இயந்திரமும் நின்றுவிட்டது. மெரிட்டின் காது மறுபடி சிவந்தது.

"எனக்கு யாரு போட்டீங்க?" என்றாள். நிஜமாகவே தெரிந்துகொள்ள ஆசைப்பட்டவள் போலக் கேட்டாள்.



டெலனிதான் முதலில் அசைந்தாள். போய் மெரிட்டுக்குக் கை கொடுத்தாள். பிறகு நேரே கிரெட்டாவிடம் வந்து கட்டிக்கொண்டாள். கன்னம் ஈரமாக இருந்தது.

"நீ செஞ்சது சரிதான்டீ. நான் போட்டிருந்தாலும் சமமாத்தான் வந்திருக்கும், சீட்டுக் குலுக்கிப் போட்டிருப்பாங்க. விடு. உன் ஓட்டு எனக்கு விழுந்துச்சுல்ல, அது போதும்."

கிரெட்டா அவளை இன்னும் இறுக்கிக்கொண்டாள். அப்படியே இருந்தால்தான் அவள் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்காது.

தேர்தல் அலுவலர் முதலிலேயே ஓட்டுப் போட்டுவிட வேண்டும். காலையில் அவள் போட்டபோது வாளி காலியாக இருந்தது. திரைக்குள் பென்சிலைப் பிடித்தபோது சிவந்த இரண்டு காதுகள் நினைவுக்கு வந்தன. டெலனிக்கு ஊரே போடப் போகிறது. பாவம், இந்தப் பெண்ணுக்கு ஒன்றாவது விழட்டும் என்று நினைத்தாள்.

டெலனியின் தோளுக்கு மேலாகக் கிரெட்டா அறையைப் பார்த்தாள்.

வில்லோ நகரம் மொத்தமும் தலையைக் குனிந்து, அவரவர் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தது.