இடது கன்னம்

என் பியூட்டி பார்லர் நாற்காலியில் சாய்ந்திருந்த முட்டைக்கார அக்காவின் இடது கன்னத்தில் விரலை வைத்ததும் என் கை நின்றுவிட்டது.

போன தடவையைவிட மோசம்.

முகத்தைத் துடைத்துவிட்டு மறுபடி தொட்டுப் பார்த்தேன். வலது கன்னம் புது பன் மாதிரி மெத்தென்று இருந்தது. இடது கன்னம் வரிவரியாகத் தொய்ந்து, கருத்துக் கிடந்தது. நடுமூக்கில் கோடு போட்ட மாதிரி அங்கே ஒருத்தி, இங்கே ஒருத்தி.

அந்த முகத்தின் கதை எனக்கு மனப்பாடம். முட்டை வண்டியில் அவள் வீட்டுக்காரர் வலது பக்கம் உட்கார்ந்து ஓட்டுவார். அவள் இடது ஜன்னலோரம். கடை கடையாக முட்டை அட்டைகளை இறக்கி வைப்பது அவளுக்குப் பாதி வேலைதான். மீதி வேலை, வழியெல்லாம் வாய் ஓயாமல் பேசிக்கொண்டு வருவது. ஸ்டீரிங்கைப் பிடித்தாலே அந்த மனுஷருக்குத் தூக்கம் சொக்கும்.

வெயில் அவருடைய வலது கன்னத்தைத் தின்றது. அவளுடைய இடது கன்னத்தைத் தின்றது. இரண்டு பேரையும் பாதிப் பாதியாக ஒட்டினால் ஒரு முழுக் கிழமும் ஒரு முழு இளசும் கிடைக்கும் என்று நான்தான் கேலி செய்வேன்.

ஒரே ஒரு நாள் அவர் தனியாகப் போனார்.

அன்றைக்கு அவள் என்னுடைய இதே நாற்காலியில் முகப்பூச்சோடு படுத்திருந்தாள். வண்டி மரத்தில் மோதி அவர் போய்விட்டார் என்று செய்தி வந்தபோது, போனை எடுத்து அவள் காதில் வைத்தது நான்.

நசுங்கின வண்டியைச் சரி பண்ணி வாங்கி, அதிலேயே ஓட்டக் கற்றுக்கொண்டாள். ஆரம்பத்தில் திருப்பத்துக்குத் திருப்பம் முட்டை உடைந்தது. இப்போது ஒன்றுகூட உடைவதில்லையாம். அண்ணன் ஓட்டுகிற மாதிரியே இருக்கிறது என்று கடைக்காரர்கள் சொல்கிறார்களாம். அதைச் சொல்லும்போது அவளுக்கு அப்படியொரு பெருமை.

மகனுக்குத்தான் பொறுக்கவில்லை. வெளியூரில் இருப்பவன், வீடியோவில் அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, அப்பாவை முழுசாகத் தின்ற வண்டி உன்னைப் பாதி தின்றுவிட்டது, விற்றுவிடலாம் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். ஞாயிற்றுக்கிழமை வருகிறான். கன்னம் கொஞ்சமாவது தேறியிருந்தால் சாவி அவளிடமே இருக்கும். இல்லையென்றால் அன்றைக்கே ஆள் வந்து வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடும்.

வண்டி போனால் தன் வாயும் அடைத்துவிடும் என்று போன தடவை அழுதாள்.

எனக்குத் தெரிந்ததையெல்லாம் அப்போதே சொல்லி அனுப்பினேன். தோலுக்குள்ளே கொலாஜன் என்று ஒன்று இருக்கிறது, கட்டில் கயிறு மாதிரி முகத்தை இழுத்துப் பிடிப்பது அதுதான், கண்ணாடியை ஏற்றிவிட்டாலும் வெயில் உள்ளே வந்து அந்தக் கயிற்றை அறுக்கும் என்றேன். சர்க்கரையைக் குறைக்கச் சொன்னேன். நேரத்தோடு தூங்கச் சொன்னேன். வண்டி நிறைய முட்டை இருக்கிறதே என்று வெள்ளைக்கருவை முகத்தில் அப்பாதே, வயிற்றுக்குப் போடு என்றதற்குச் சிரித்தாள்.

முக்கியமாக இன்னொன்று சொன்னேன். இப்போது நீதானே ஓட்டுகிறாய், இனி வெயில் உன் வலது கன்னத்துக்குத்தான். கிரீமை அங்கே தடவு. இடது கன்னம் நிழலில் கிடக்கட்டும், மெல்லத் தேறும்.

சொன்னதையெல்லாம் செய்திருக்கிறாள். டீயில் சர்க்கரை இல்லை. விளக்கு வைத்த கொஞ்ச நேரத்தில் படுக்கை. கிரீம் ட்யூபைச் சுருட்டிச் சுருட்டிக் காலி பண்ணியிருந்தாள்.

ஆனால் வலது கன்னத்தில் வெயில் பட்ட சுவடே இல்லை. இடது கன்னத்தில்தான் புதுக் கருப்பு. இடது முழங்கையிலும், ஜன்னலில் ஊன்றின இடத்தில், அதே கருப்பு.

யாரையோ ஓட்ட வைத்துவிட்டு மறைக்கிறாள் என்று தோன்றியது. இந்த வயதில் உனக்கு டிரைவர் கேட்கிறதா என்று கிண்டல் பண்ணத்தான் வாயைத் திறந்தேன்.

"அக்கா, வண்டியை யாரு ஓட்டறா?"

கிண்டலாக வரவில்லை. என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போல இருந்தது.

அவள் மூடின கண்ணைத் திறக்கவில்லை. அடுப்பில் பால் வைத்துவிட்டு வந்தவள் மாதிரி சாதாரணமாகச் சொன்னாள்.

"நான் பக்கத்துல உக்காந்து பேசலேன்னா அவருக்குக் கண்ணு அசந்துடும்மா."

தலைக்கு மேல் ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. என் விரல்கள் அந்தக் கன்னத்திலேயே இருந்தன. எடுக்கவும் தோன்றவில்லை, வைத்திருக்கவும் முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் கொஞ்ச நாள் இருந்தது.

கிரீமை வழித்து இடது கன்னத்தில் கனமாகத் தடவினேன். பிறகு அலமாரியைத் திறந்து கெட்டியான கருப்புத் துண்டு ஒன்றை எடுத்தேன். இடது ஜன்னல் முழுக்க விரித்து, விளிம்பை வெளியே விட்டுக் கண்ணாடியை ஏற்றிவிடு, வெயில் படாது என்றேன்.

நம்பினாயா என்று அவளும் கேட்கவில்லை. துண்டை வாங்கி மடியில் வைத்துத் தடவிக் கொடுத்தாள்.

வாசல்வரை கூடப் போனேன். வண்டி இடது பக்கத்தை எனக்குக் காட்டிக்கொண்டு கடையை ஒட்டி நின்றது. அக்கா இடது கதவைத் திறந்து ஏறினாள். நான் சொன்ன மாதிரியே துண்டை விரித்துக் கண்ணாடியை ஏற்றினாள். உள்ளே அவள் என்னவோ பேச ஆரம்பித்தது, வார்த்தை புரியாமல், கேட்டது.

வண்டி கிளம்பியது. ஒரு முட்டைகூட அசையாதபடி மெதுவாக.

ஓட்டுகிற இடத்தை எட்டிப் பார்த்தேன்.

நான் கொடுத்த துண்டு மறைத்தது.