பழைய பாங்கின் கதவு

“கதவு திறக்குதில்லை! ஐயோ, பிள்ளையள் ரெண்டு பேரும் உள்ளுக்கு!”

கனகாம்பிகை இரும்புக் கதவில் இரண்டு கைகளாலும் அடித்தார். லண்டனின் செவன் கிங்ஸில், பழைய கல் பாங்கு ஒன்றுக்குள் நடக்கும் உணவகம் அது. மகள் சயந்தினியைப் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் அங்கே வந்திருந்தார்கள். ஒரு காலத்தில் பணம் வைத்திருந்த அறையைப் பார்க்கப் பெண்ணும் மாப்பிள்ளை சுஜீத்தும் போனார்கள். கதவு சாத்திக்கொண்டது.

“பதறாதேங்கோ அன்ரி. கதவு திறக்கிற ஆளுக்குப் போன் அடிச்சிருக்கிறன்,” என்றான் உணவகத்தை நடத்தும் துஷாந்தன். “இது லேசில திறக்கிற கதவில்லை. அந்தக் காலத்தில லண்டன் இவடத்தோட முடிஞ்சுது. அங்கால வெறும் காடும் வயலும். எல்லைப் பட்டணம். கள்ளருக்குப் பயந்து கல்லில கட்டின முதல் பாங்கு இதுதான்.”

“தம்பி, உள்ளுக்குக் காத்து வருமோ?”

“சுவர் ரெண்டடி, அன்ரி. கல்லு முழுக்க யோர்க்‌ஷயரில இருந்து குதிரை வண்டியில…”

“குதிரையை விடும் ஐசே!” என்று கத்தினார் சுஜீத்தின் தகப்பன் யோகராஜா. “பிள்ளையள் அங்க மூச்சடைச்சுக் கிடக்குதுகள். இவர் இஞ்ச சரித்திரச் சோதினைக்குப் படிப்பிக்கிறார்!”

துஷாந்தன் நிறுத்தவில்லை. “முதல் மனேச்சர் சாவியைக் கழுத்தில போட்டுக்கொண்டுதான் குளிக்கிறவராம்.”

கனகாம்பிகை அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

“எல்லாம் என்ர பிழை. வேண்டாம், வேண்டாம் எண்டு நிண்டவளை நான்தான் வெருட்டிக் கூட்டிக்கொண்டு வந்தனான். அவள் முழுசா வெளியில வந்தால் எனக்கு அது போதும். பிடிச்ச ஆரையெண்டாலும் கட்டட்டும். நான் ஒரு சொல்லுச் சொல்லமாட்டன்!”

“உண்மையாவோ அன்ரி?”

“நல்லூர்க் கந்தனாணை!”

துஷாந்தன் கதவருகே போய் மெல்லத் தட்டினான்.

உள்ளிருந்து தாழ்ப்பாள் விலகும் சத்தம் கேட்டது.

முதலில் வந்த சுஜீத், துஷாந்தனைப் பார்த்துக் கண்ணடித்தான். கனகாம்பிகை பாய்ந்து மகளைக் கட்டிக்கொண்டார். தலை, கன்னம், கை என்று தடவிப் பார்த்த பிறகுதான் அவருக்கு மூச்சு வந்தது.

சயந்தினி நிமிர்ந்து, “அம்மா என்ன சொன்னவ?” என்று துஷாந்தனிடம் கேட்டாள்.

“பிடிச்ச ஆரையெண்டாலும் கட்டட்டுமாம்.”

அவள் போய் அவன் பக்கத்தில் நின்றுகொண்டாள்.

“அம்மா, அந்த ‘ஆரையெண்டாலும்’ இவர்தான்.”