கைப்பிடி இல்லாத கதவு

கைப்பிடி இருந்த இடத்தில் ஓர் ஓட்டை மட்டும்தான் இருந்தது. மருமகள் அதற்குள் விரலை விட்டுப் பார்த்தாள், கதவின் விளிம்பை நகத்தால் நெம்பிப் பார்த்தாள். சமையலறைக் கதவு அசைந்துகொடுக்கவில்லை.

"அத்தை, கைப்பிடியைக் காணோம்! கதவு திறக்க மாட்டேங்குது!"

"அய்யய்யோ! அது ரொம்ப நாளா ஆடிக்கிட்டே இருந்துச்சு. கழண்டு எங்கயாவது விழுந்திருக்கும்" என்று மாமியார் அடுப்புப் பக்கமிருந்து ஓடிவந்தாள். இரண்டு கைகளாலும் கதவைப் படபடவென்று தட்டினாள். "யாராவது இருக்கீங்களா? மாட்டிக்கிட்டோம்!"

யார் இருக்கப் போகிறார்கள்? சாமான்களை ஏற்றிய வண்டி காலையிலேயே புது வீட்டுக்குக் கிளம்பிவிட்டது. மகனும் அதோடு போய்விட்டான். மருமகள் மட்டும் கடைசிப் பெட்டியோடு, அவன் ஏற்பாடு செய்த டாக்ஸிக்குக் காத்திருந்தாள்.

"உன் ட்ரே உள்ள கிடக்குதே, எடுத்துக்கலையா?" என்று மாமியார் குரல் கொடுத்ததால்தான் சமையலறைக்குள்ளேயே வந்தாள். மாமியார் பின்னாலேயே நுழைந்தாள், கதவு சாத்திக்கொண்டது. அவ்வளவுதான் நடந்தது.

போன் ஹாலில் பெட்டியின் மேல் கிடந்தது. ஜன்னலில் கம்பி, கம்பிக்கு அப்பால் பக்கத்து வீட்டுச் சுவர். வேறு யாரோடு மாட்டிக்கொண்டிருந்தாலும் பரவாயில்லை. ஒரு வருஷமாக முகம் கொடுத்துப் பேசாத மாமியாரோடா, அதுவும் இந்த வீட்டைத் தலைமுழுகிப் போகிற அன்றைக்கா?

போன கிறிஸ்துமஸுக்கு மருமகள் ஆசை ஆசையாகச் சுட்ட குக்கீஸை, விருந்தாளிகள் பார்க்கக் குப்பைத்தொட்டியில் கொட்டியவள் இந்த மாமியார். "இதை மனுஷன் தின்பானா?" என்று வேறு கேட்டாள். தனிக்குடித்தனம் என்ற பேச்சு அன்றைக்குத்தான் இந்த வீட்டில் கிளம்பியது.

மாமியார் தட்டுவதை நிறுத்திவிட்டு மெதுவாகச் சொன்னாள். "நாளைக்குக் கிறிஸ்துமஸ். வெண்ணெய் வேற இளகிக் கிடக்கு. சும்மா நிக்கிற நேரத்துல ஒரு ட்ரே குக்கீஸ் போடேன்."

"எதுக்கு, மறுபடியும் கொட்டுறதுக்கா?"

மாமியாரின் முகம் செத்துப்போனது. திரும்பி நின்று ஓவனைத் திருகினாள். தோள் இரண்டும் குலுங்குவது பின்னாலிருந்தே தெரிந்தது.

மருமகளுக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. எவ்வளவு நேரம்தான் அந்த முதுகையே பார்த்துக்கொண்டு நிற்பது? வளையலை மேலே ஏற்றிக்கொண்டு, மாவு டப்பாவைத் திறந்து கப்பை உள்ளே விட்டாள். சட்டென்று கையை வெளியே எடுத்து மூடியைப் போட்டாள்.

"இதுல வண்டு இருக்கு அத்தை. புதுப் பாக்கெட்டை உடைச்சுக்கறேன்."

தன் சமையலறையில் வண்டு என்று யாராவது சொன்னால் வானத்துக்கும் பூமிக்குமாகக் குதிக்கிறவள் மாமியார். அன்று, "சரிம்மா, புதுசையே உடை" என்றதோடு சரி.

ஓவன் சூடேற ஏற அந்தச் சின்ன அறையில் வெக்கை தாங்கவில்லை. மருமகள் வெண்ணெயையும் சர்க்கரையையும் குழைத்தாள். கேட்காமலே மாமியார் முட்டையை உடைத்து ஊற்றினாள்.

வாசலில் ஹாரன் கேட்டது.

"டாக்ஸி வந்துடுச்சு போல" என்றாள் மாமியார். "கத்திப் பாக்குறியா?"

"இங்கேருந்து கத்தினா டிரைவருக்குக் கேக்கவா போகுது? அந்தக் குக்கீஸ் வெட்டுற அச்சை எடுங்க."

ஹாரன் இன்னும் கொஞ்ச நேரம் அலறிவிட்டு ஓய்ந்தது. வண்டி கிளம்பிப் போகும் சத்தம் கேட்டது. மாமியார் அதற்கு மேல் அடக்க முடியாமல் கொட்டித் தீர்த்தாள்.

"அன்னிக்கு வந்தவங்க எல்லாம் உன் தட்டைத்தான் சுத்தி நின்னாங்க. நான் சுட்டதை ஒருத்தர் தொடல. இத்தனை வருஷமா இந்த வீட்டுல நான்தானே சுடறேன்? வயித்தெரிச்சல் தாங்கல. நல்லா இருந்ததாலதான்டி கொட்டினேன்!"

மருமகளின் கை நின்றது. "இதைச் சொல்றதுக்கா ஒரு வருஷம்?"

"எப்படிச் சொல்றது? நான் ஒரு ரூமுக்குள்ள வந்தா நீ அடுத்த ரூமுக்குப் போயிடுவியே. என் வாய்க்கொழுப்பு, என் பிள்ளையும் நீயும் வீட்டை விட்டே போறீங்க. நாளைக்கு நான் யாரோட உக்காந்து சாப்பிடுவேன்?"

மருமகள் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மாமியார் வெட்டி வைத்ததை எட்டிப் பார்த்தாள். "இது என்ன அத்தை, நட்சத்திரமா நண்டா?"

"நண்டுன்னாலும் திங்கலாம். நீ உள்ள வை."

டாக்ஸிக்காரர் போன் செய்ததில் பதறியடித்து ஓடிவந்த மகன், வெளிப்பக்கக் கைப்பிடியைத் திருகிக் கதவைத் திறந்தான். அம்மாவும் மனைவியும் தரையில் உட்கார்ந்து சுடச்சுடக் குக்கீஸை ஊதி ஊதித் தின்றுகொண்டிருந்தார்கள்.

"நான் உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டு வர்றேன், இங்க விருந்து நடக்குதா?" என்று ட்ரேயிலிருந்து ஒரு கை அள்ளிக்கொண்டு, பெட்டியைத் தூக்கப் போனான்.

"மிச்சத்தை நீங்களே தின்னு தீர்த்துடாதீங்க அத்தை. நாளைக்குக் காலையில நாங்க இங்கதான் வருவோம்" என்று எழுந்தாள் மருமகள். எடுத்துப்போக வந்த ட்ரேயைக் கழுவித் துடைத்து, இருந்த இடத்திலேயே வைத்தாள்.

மாமியார் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "சொன்னா கோவிச்சுக்க மாட்டியே? அந்தக் கைப்பிடி தானா கழண்டு விழலடி. உன்கிட்டப் பேசணும்னு நான்தான் கழட்டி ஒளிச்சேன். உன்னை அடைச்சு வெச்சதுக்கு மன்னிச்சுடு."

"தெரியும் அத்தை. மாவு டப்பாவுல கப்பை விட்டப்பவே தட்டுப்பட்டுச்சு. நான்தான் எடுக்கல."