வெளுத்த வகிடு

மரகதவல்லியின் சிறுநீரகக் கட்டி ஆறு மாத்திரைகளை ஏமாற்றிவிட்டது. ஏழாவது அவளுடைய கட்டியின் செல்லுக்கென்றே செய்யப்பட்டது.

“வளரு, வளருன்னு செல்லுக்குள்ள போற சேதியை இது மறிக்கணும். முடிக்குக் கறுப்பு குடுக்கறதும் அதே மாதிரி சேதிதான்; மறிச்சா முடி வேர்ல வெளுக்கும். அதுதான் அடையாளம்” என்றிருந்தார் டாக்டர்.

அன்றிலிருந்து கணவன் தவசிலிங்கம் தினமும் சலூனைத் திறக்குமுன் அவள் வகிட்டைப் பிரித்துப் பார்ப்பான். முப்பது வருடமாக ஊரார் நரையைக் கறுப்பாக்கிய அவன், அந்தக் கறுத்த வேர்களில் ஒரு வெள்ளையாவது தென்படாதா என்று தேடுவான்.

நாற்பதாம் நாள், வகிட்டைப் பார்க்குமுன்பே வந்துவிட்ட ஒரு பெரியவரின் மீசைக்குக் கடையில் சாயம் பூசிக்கொண்டிருந்தான். கடையை ஒட்டிய வீட்டுக்குள்ளிருந்து மரகதம் ஓடிவந்தாள்.

“ஏங்க, இங்க பாருங்களேன்!”

வகிடு நெடுக, வேரில் நூல் கனத்துக்கு வெள்ளை. நம்பாமல் ஈரத்துணியால் அழுத்தித் தேய்த்தான். போகவில்லை.

“வெளுத்திருச்சு! எம் பொண்டாட்டிக்கு முடி வெளுத்திருச்சு!” தெருவுக்கே கேட்கக் கத்தினான்.

“தம்பி, பாதி மீசைதான் கறுத்திருக்கு” என்றார் நாற்காலியில் இருந்தவர்.

“அதையும் கழுவி விட்டுடுறேன் அண்ணாச்சி” என்றான் தவசி, கண்ணைத் துடைத்தபடி. “வெள்ளை எம்புட்டு அழகா இருக்கு!”