கயிறு வளையும் இடம்

"எவனாவது பெயிண்ட் டப்பாவைத் தொறந்தீக, கையை ஒடிச்சுப் போட்டுருவேன், ஆமா!"

பழனிசெட்டிபட்டியில் முத்துவீரனின் டிங்கர் பட்டறை முன்னால் காரை நிறுத்திவிட்டு இறங்கும்போதே வைகுண்டராஜ் கத்தினார். போடி ரோட்டில் நான்கு மாந்தோப்புகளைக் குத்தகைக்கு எடுத்திருப்பவர். அவருடைய க்ரீம் கலர் பியட்டின் கூரை, பானெட், டிக்கி எங்கும் குழி குழியாக இருந்தது.

"என்ன மொதலாளி இது, அம்மை போட்ட மாதிரி?" என்றான் முத்துவீரன்.

"ஆலங்கட்டி மழைப்பா! விடியக்காலம் குரங்கணிக்குப் போயிருந்தேன். எலுமிச்சங்கா தண்டி கட்டி. ஊருல எத்தனை வண்டி ஓடுது? அந்த வானத்துக்கு என் வண்டிதான் கெடைச்சுச்சா? நான் யாருக்கு என்ன கெடுதல் பண்ணினேன், சொல்லு!"

கோபத்தில் அவருக்கு மூச்சு வாங்கியது. மறுநாள் அவர் மகள் சொர்ணலதாவுக்கு நிச்சயதார்த்தம். பெண்ணோடு இந்தப் பியட்டையும் தருவதாகப் பேச்சு. மாப்பிள்ளையின் அப்பா சண்முகராஜ் மதுரையில் பழைய கார்களை வாங்கி விற்பவர்.

"அந்தாளு விரலால தட்டிப் பாத்தே சொல்லிருவாரு, எங்கன பட்டி வச்சுக் குழிய அடைச்சிருக்கு, எங்கன புதுப் பெயிண்ட்டுன்னு. 'அடிபட்ட வண்டியவா என் மகன் தலையில கட்டப் பாத்தீரு'ன்னு சபையில எந்திரிச்சுட்டாருன்னா என் பொண்ணு கதி என்னாகும்?"

முத்துவீரன் காரின் மேல் உள்ளங்கையை ஓட்டிப் பார்த்தான்.

"பெயிண்ட் எங்கயும் உரியல. உள்ள இருந்து கம்பியால நெம்பி எடுத்துரலாம். பட்டியும் வேணாம், பெயிண்ட்டும் வேணாம். ஆனா வெளிய நின்னு இடம் சொல்ல எம் பொண்டாட்டி வரணும்."

"பொம்பளையா? என் வண்டி என்ன ஆட்டுக்கல்லா?"

"அவ கண்ணு இல்லாம என் கை ஓடாது மொதலாளி. வேணாம்னா வேற பட்டறை பாருங்க."

வைகுண்டராஜ் பல்லைக் கடித்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தார்.

முத்துவீரனின் மனைவி மலையம்மாள் கூலி வேலைக்குப் போய்விட்டு அப்போதுதான் திரும்பியிருந்தாள். பொழுது சாய்ந்து வருகிறவள் அன்று உச்சி வெயிலிலேயே வந்துவிட்டாள். முகம்கூடக் கழுவாமல் வந்து நின்று காரையே பார்த்தாள்.

"என்ன பட்டுச்சாம்?"

"ஆலங்கட்டி மழையாம்," என்றான் முத்துவீரன்.

"ஓகோ. மழையா?"

அவள் இரண்டு கம்பங்களுக்கு நடுவே, காருக்கு மேலாக, ஒரு வெள்ளைக் கயிற்றை இழுத்துக் கட்டினாள். பளபளக்கும் பெயிண்ட்டில் கயிற்றின் பிம்பம் ஒரு கோடாகத் தெரிந்தது. குழி இருந்த இடத்தில் மட்டும் அந்தக் கோடு வளைந்தது.

முத்துவீரன் கூரையின் உள்துணியைக் கழற்றிவிட்டு மல்லாந்து படுத்தான். நுனியில் தோல் சுற்றிய கம்பியை மேலே கொடுத்தான்.

"அங்கன இல்ல, இங்கன. ரெண்டு விரக்கடை தள்ளுங்க. அமுக்குங்க. மெல்ல... மெல்ல. ம், நேராயிருச்சு."

கயிற்றின் வளைவு நிமிர்ந்தது. வைகுண்டராஜ் எழுந்து வந்து குனிந்து பார்த்தார். குழி இருந்த சுவடே இல்லை. ஆனாலும் அவர் வாய் ஓயவில்லை.

"சீக்கிரம் ஆகட்டும்ப்பா. இன்னைக்கு எல்லாமே எடஞ்சலு. தோப்புல மாங்கா பொறுக்க வந்த பொம்பளைக அத்தனை பேரும் பாதி வேலையில போட்டுட்டுப் போயிட்டாளுக. திமிரு!"

"ஏன் போனாகளாம்?" என்றாள் மலையம்மாள், கயிற்றிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"யாருக்குத் தெரியும்? வர்றதும் தெரியாது, போறதும் தெரியாது. அதுக மூஞ்சிய எவன் பாத்தான்?"

"நல்லா அமுக்குங்க!" என்று அவள் போட்ட சத்தத்தில் உள்ளே படுத்திருந்த முத்துவீரன் திடுக்கிட்டான்.

கூரை முடிந்தது. பானெட் முடிந்தது. டிக்கியில் இரண்டு குழிகள் நிமிர்ந்தன.

"பதினொண்ணு! நான் வர்றப்பவே எண்ணிட்டேன். அவ்வளவுதான்," என்றார் வைகுண்டராஜ்.

"இல்ல, இன்னும் இருக்கு."

"எங்க இருக்கு? என் வண்டிய எனக்குத் தெரியாதா?"

மலையம்மாள் கயிற்றை நகர்த்திக் கட்டினாள். டிக்கி ஓரத்தில் ஒன்று, பின்கண்ணாடிக்கு மேலே ஒன்று. மூக்கை வைத்துப் பார்த்தும் அவருக்குப் புலப்படாதவை, கயிறு வளைந்ததும் தெரிந்தன. அவற்றையும் முத்துவீரன் நெம்பி எடுத்தான்.

வைகுண்டராஜ் காரைச் சுற்றிச் சுற்றி வந்தார். காலையிலிருந்து முதன்முறையாகச் சிரித்தார்.

"அடேயப்பா! ஏ ஆத்தா, என் கண்ணுக்கே பதினொண்ணுதான் தெரிஞ்சது. நீ எப்படித்தா பதிமூணையும் கண்டுபிடிச்ச?"

"பதிமூணு இல்ல, பதினாலு," என்றாள் அவள், கயிற்றை அவிழ்த்துச் சுருட்டியபடி.

"இன்னொண்ணு இருக்கா? எங்கன? காட்டு, காட்டு!"

அவள் அவரை நேராகப் பார்த்தாள்.

"நிறைமாசக்காரி பொன்னாத்தா உங்க தோப்புல ரத்தம் ரத்தமாக் கெடந்தா. ஆஸ்பத்திரிக்கு ஏத்திட்டுப் போங்கன்னு கெஞ்சினோம். 'நல்ல காரியத்துக்குப் போற வண்டி, தீட்டோட ஏறக் கூடாது'ன்னு நீங்க கதவைச் சாத்திட்டுக் கெளம்பினீக. அப்ப மேட்டுல நின்னு பதினாலு பேரு, ஆளுக்கொரு பச்சை மாங்கா எறிஞ்சோம், ஒண்ணுகூடத் தப்பல. எம் புருசன் தொழிலுக்காகப் பதிமூணைக் காட்டிட்டேன். பதினாலாவது நான் எறிஞ்சது, அது எங்கன இருக்குன்னு நாளைக்கு உங்க சம்பந்தி தட்டிப் பாத்துச் சொல்லுவாக!"